கணக்கைப் படமாக்கும் முன் இரும்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

சென்ற மாதம் குருநாகலிலிருந்து ஒரு சகோதரர் தொலைபேசியில் அழைத்தார். ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். "நானா, மகன் கடைக் கணக்கெல்லாத்தையும் இன்டர்நெட்டில போட்டுட்டான். இப்ப அதைப் படம் படமாகக் காட்டுற இன்னொன்றோட தொடுக்கணும் என்கிறான். அதற்கு மாதாமாதம் டொலரில காசு கட்டணுமாம். இது நமக்குத் தேவையா, இல்ல பொடியன்மாருட விளையாட்டா?" என்று கேட்டார்.

தொலைபேசியில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விடயம் அல்ல. இதே கேள்வி உங்களில் பலருக்கும் இருக்கும் என்பதால் இந்த வாரம் இந்தப் பத்தியிலேயே எழுதுகிறேன். நான் கணனி படித்தவன் அல்ல. புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் சாரமும் புடவையும் மொத்தமாக விற்பவன். இந்த இணைப்பைச் செய்து, அதை நம்பி நட்டப்பட்டு, பிறகு அதனாலேயே எழுந்தவன். அந்த அனுபவத்திலிருந்துதான் சொல்கிறேன்.

முன்பெல்லாம் கணக்கு மென்பொருள் கடையில் உள்ள ஒரு கணனிக்குள் இருக்கும். அந்தக் கணனி பழுதானால் கணக்கும் போய்விடும். இப்போது குவிக்புக்ஸ் ஒன்லைன், நியூசிலாந்துக்காரர்களின் ஸீரோ, சென்னையின் ஸோஹோ நிறுவனத்தின் ஸோஹோ புக்ஸ் போன்றவற்றில் கணக்கு அவர்களுடைய கணனிகளில் பாதுகாக்கப்படுகிறது. நாம் இணையம் வழியாக உள்ளே போய் எழுதுகிறோம். இதைத்தான் க்ளவுட் கணக்கு என்கிறார்கள். 2022 மார்ச் மாதக் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்ததே, நினைவிருக்கிறதா? கடைக் கணனி அணைந்து கிடந்தது. ஆனால் எந்த ஊர்க் கடை எவ்வளவு தர வேண்டும் என்பதைக் கைத்தொலைபேசியில் பார்க்க முடிந்தது. அன்றுதான் எனக்கு இதில் நம்பிக்கை வந்தது.

படம் காட்டும் கருவி என்பது வேறு. மைக்ரோசொப்டின் பவர் பிஐ, கூகுள் 2016இல் டேட்டா ஸ்டூடியோ என்று வெளியிட்டு 2022இல் லுக்கர் ஸ்டூடியோ என்று பெயர் மாற்றிய கருவி, ஸோஹோ அனலிட்டிக்ஸ் ஆகியவை இந்த வகை. இவற்றில் நாம் கணக்கு எழுதுவதில்லை. எழுதி வைத்த கணக்கை எடுத்து, கோடாகவும் கம்பமாகவும் வட்டமாகவும் வரைந்து காட்டும். இதை நவீன விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். 1786இல் வில்லியம் பிளேஃபெயர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் வெளியிட்ட புத்தகத்தில்தான் இந்தக் கோட்டுப் படங்களும் கம்பப் படங்களும் முதன்முதலில் அச்சில் வந்தன என்பார்கள். அவர் வரைந்தது என்ன? இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கு. ஆக இந்தக் கலையே வியாபாரக் கணக்கிலிருந்து பிறந்ததுதான்.

என்னை ஏமாற்றிய கோடு

2021இல் கொரோனா முடக்கம் தளர்ந்த பிறகு கணக்கை க்ளவுட்டுக்கு மாற்றினேன். 2022 கடைசியில் தங்கையின் மகன் வந்து அதைப் படக்கருவியோடு இணைத்துத் தந்தான். முதலில் அவன் காட்டியது மாத விற்பனைக் கோடு. 2021 நவம்பரில் 62 இலட்சம் ரூபா. 2022 நவம்பரில் 81 இலட்சம் ரூபா. கோடு மலை ஏறுவது போல ஏறியிருந்தது. நாடே வரிசையில் நின்ற வருடத்தில் எனது வியாபாரம் 30 வீதம் வளர்ந்திருக்கிறது! அந்தப் படத்தைக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களிடம் காட்டாதது ஒன்றுதான் குறை. அந்தத் துணிச்சலில் 2023 ஜனவரியில் இரண்டாவது கடை ஒன்றுக்கு 12 இலட்சம் முற்பணம் கொடுத்தேன்.

ஆனால் சரக்கு எடுக்கப் போனால் காசு போதவில்லை. வளர்ந்த வியாபாரத்தில் எப்படிக் காசு குறையும்? எனக்கு விளங்கவே இல்லை. ஒரு நாள் இரவு மருமகன், "மாமா, ரூபாவை விட்டுட்டு எத்தனை பீஸ் போயிருக்கு என்று இன்னொரு கோடு போடட்டா?" என்றான். போட்டான். 2021 நவம்பரில் 5,400 பீஸ். 2022 நவம்பரில் 3,600 பீஸ். மூன்றில் ஒரு பங்கு வியாபாரம் காணாமல் போயிருந்தது.

காரணத்தை நீங்களே அறிவீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 203 ரூபாவுக்குக் கட்டிவைக்கப்பட்டிருந்தது. மே மாதத்தில் அது 360 ரூபாவைத் தொட்டது. அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். நான் 1,150 ரூபாவுக்குக் கொடுத்த சாரத்தை 2,250 ரூபாவுக்குக் கொடுத்தேன். கோட்டை ஏற்றியது விலை, வியாபாரம் அல்ல. அதோடு, பழைய விலைக்கு வாங்கிய சரக்கைப் புதிய விலைக்கு விற்றதால் மென்பொருள் பெரிய இலாபம் காட்டியது. அந்த இலாபத்தை எடுத்துச் செலவழித்தவனுக்கு அதே சரக்கைத் திரும்ப வாங்க முதல் இருக்காது. எனக்கு நடந்தது அதுதான்.

ஆகவே ரூபாக் கோடு ஒன்று போட்டால், பக்கத்திலேயே பீஸ், மீற்றர், கிலோ, மூட்டை என்று உங்கள் சரக்கின் அளவுக் கோடும் இருக்க வேண்டும். பில் போடும்போது "புடவை வகை, மொத்தம் 85,000" என்று ஒரே வரியில் எழுதினால் எந்தக் கருவியாலும் அந்தக் கோட்டை வரைய முடியாது. ஒவ்வொரு சரக்கும் ஒவ்வொரு வரியில், எண்ணிக்கையோடு போக வேண்டும். எமது கடையில் இதற்குப் பையன்களைப் பழக்க நான்கு மாதம் எடுத்தது.

பெறுமதி சேர் வரிக்குப் பதிந்தவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பில்லின் கடைசித் தொகையைப் படத்துக்கு எடுத்தால் வரியும் விற்பனையாகத் தெரியும். வரி 2024 ஜனவரி முதலாம் திகதி 15 வீதத்திலிருந்து 18 வீதமானபோது, ஒரு துண்டும் கூடுதலாக விற்காமலே சிலருடைய கோடு ஏறியது. வரி நீங்கிய தொகையைத்தான் எடுக்க வேண்டும்.

பெட்டிக்குள் இருந்த கடன்

இப்போது சொல்லப்போவதுதான் முக்கியம்.

எமது நாட்டில் மொத்த வியாபாரம் நடப்பது திகதி போட்ட செக்கில். சரக்கைக் கொடுப்போம், 60 நாள், 90 நாள், சிலருக்கு 120 நாள் தள்ளித் திகதி போட்ட காசோலையை வாங்கி இரும்புப் பெட்டிக்குள் வைப்போம். இந்த மென்பொருட்களைச் செய்தவர்கள் இந்தப் பழக்கத்தை மனதில் வைத்துச் செய்யவில்லை. எனது கணக்குப் பிள்ளை என்ன செய்தார்? செக் கைக்கு வந்த அன்றே "பணம் பெறப்பட்டது" என்று பதிந்தார். பில் மூடப்பட்டது. வங்கி மீதி கூடியது. படக்கருவி அதை அப்படியே வரைந்தது. "வர வேண்டிய கடன் 9 இலட்சம்" என்று ஒரு சின்னக் கம்பம். பார்க்கவே மனதுக்கு இதமாக இருந்தது.

ஆனால் பெட்டிக்குள் 74 இலட்சம் ரூபாவுக்கு வருங்காலத் திகதி செக்குகள் கிடந்தன. 2023 மார்ச்சில் அவற்றில் நான்கு திரும்பி வந்தன. 17 இலட்சம். அதே கிழமை நான் கொடுத்த செக் ஒன்று வங்கிக்குப் போனது. அதை நிறுத்தி வைக்கச் சொல்லி, முப்பது வருடமாகச் சரக்குத் தரும் முதலாளியின் கடை வாசலில் போய் நின்றேன். எனது செக் திரும்பும் நிலைக்கு வந்தது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான். இரண்டாவது கடை கைவிடப்பட்டது. முற்பணத்தில் பாதிதான் திரும்பக் கிடைத்தது.

கருவி பொய் சொல்லவில்லை. கொடுத்த கணக்கைத்தான் வரைந்தது. பிழை எமது பதிவில்.

அதைத் திருத்திய விதத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், கணக்குப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள். வங்கிக் கணக்கைத் தவிர, "கையிலுள்ள காசோலைகள்" என்று நடைமுறைச் சொத்தில் தனிக் கணக்கு ஒன்று திறந்தோம். செக் வாங்கினால் பணம் அந்தக் கணக்குக்குத்தான் போகும், வங்கிக்குப் போகாது. குறிப்பு எழுதும் இடத்தில் செக்கின் திகதியை எப்போதும் ஒரே முறையில், முதலில் வருடம், பிறகு மாதம், பிறகு நாள் என்று இலக்கத்தில் எழுத வேண்டும். ஒருவர் "மார்ச் 15" என்றும் இன்னொருவர் "15/3" என்றும் எழுதினால் கருவிக்கு விளங்காது. செக் மாறிய அன்று அங்கிருந்து வங்கிக்கு மாற்றுவோம். திரும்பினால், புதுக் கடனாக எழுதாமல் பணம் பெற்ற பதிவையே நீக்கி, பழைய பில்லை அதன் பழைய திகதியோடு திறந்துவிடுவோம். அப்போதுதான் அந்தக் கடனுக்கு 30 நாள் வயதா, 130 நாள் வயதா என்பது மறையாது. வங்கி அறவிடும் தண்டப்பணம் தனிச் செலவு. நாம் கொடுக்கும் செக்குகளுக்கும் இதே மாதிரி மறுபக்கத்தில் ஒரு கணக்கு வேண்டும்.

இதைச் செய்த பிறகு மருமகன் வரைந்த படம்தான் இன்று வரை நான் சுபஹு முடிந்து தேநீர் குடிக்கும்போது பார்க்கிற படம். வரப்போகும் எட்டுக் கிழமைகள். ஒவ்வொரு கிழமைக்கும் கோட்டுக்கு மேலே பச்சைக் கம்பம், அது எனக்கு மாற வேண்டிய செக். கோட்டுக்குக் கீழே சிவப்புக் கம்பம், அது நான் கொடுத்த செக். எந்தக் கிழமையில் சிவப்பு நீண்டிருக்கிறதோ, அந்தக் கிழமைக்கு ஐந்து கிழமைக்கு முன்பே ஏற்பாடு செய்யத் தொடங்கிவிடுவேன். அவன் எனக்குப் பதினான்கு படம் போட்டுத் தந்தான். பார்ப்பது மூன்று. மற்றவை அழகுக்கு இருக்கின்றன. ஸகாத் கணக்குப் பார்க்க உட்காரும்போதும் இந்தச் செக் கணக்கும் கடன் பட்டியலும் முன்னால் இருப்பதால் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

இரண்டாவது நான் பார்ப்பது கடனின் வயது. 30 நாள் வரை, 60 நாள் வரை, 90 நாள் வரை, அதற்கு மேல் என்று நான்கு நிறம். முதல் தடவை இதைப் போட்டபோது பெயர்ப் பட்டியலில் ஒரு குழப்பம் தெரிந்தது. ஒரே கடை மூன்று பெயரில் இருந்தது. ஒன்றில் முதலாளியின் பெயர், ஒன்றில் கடையின் பெயர், ஒன்றில் ஊரின் பெயர். மூன்றிலும் சிறு சிறு தொகை. கூட்டிப் பார்த்தால் 11 இலட்சம். பெரிய கடன்காரன் ஒருவன் மூன்று சிறிய கடன்காரர்களாக ஒளிந்திருந்தான். ஒளிந்தவன் என்று சொல்வது தவறு, ஒளித்தது நாங்கள்தான்.

அந்தக் கடை புத்தளத்தில் எனது இருபது வருட நண்பருடையது. கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டலாம் என்று மருமகன் சொன்னான். நான் விரும்பவில்லை. சிவப்புக் கம்பத்தில் தனது பெயரைப் பார்க்கிற மனிதனுக்கு எப்படி இருக்கும்? பழைய பில்களை எடுத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டுக்குப் பிறகுதான் பேச்சை எடுத்தேன். "மச்சான், இவ்வளவு இருக்கு என்று எனக்கே தெரியாது" என்றார். உண்மைதான், எனக்கும் தெரிந்திருக்கவில்லை. கிழமைக்கு 50,000 என்று ஒப்புக்கொண்டார். 22 கிழமையில் முடிய வேண்டியது 31 கிழமை எடுத்தது. முடிந்தது. இன்றும் எங்களிடம்தான் சரக்கு எடுக்கிறார்.

இணைப்பது எப்படி

இதற்கு மூன்று வழி இருக்கிறது. எளிமையானது, கணக்கு மென்பொருளிலிருந்து பில் பட்டியலை எக்செல் அல்லது சிஎஸ்வி கோப்பாக இறக்கி, எக்செலிலேயே படம் போடுவது. மேலதிகச் செலவு எதுவும் இல்லை. கிழமைக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்றிருக்கும் கடைகளுக்கு இதுவே தாராளம். என்னைக் கேட்டால் முதல் ஆறு மாதம் எல்லோரும் இப்படித்தான் தொடங்க வேண்டும், ஏனென்றால் பதிவில் உள்ள பிழைகள் கையால் செய்யும்போதுதான் கண்ணில் படும்.

அடுத்தது, ஒரே நிறுவனத்தின் இரண்டு பொருட்களை எடுப்பது. ஸோஹோ புக்ஸில் கணக்கு வைப்பவர் ஸோஹோ அனலிட்டிக்ஸை அதனோடு நேரடியாகத் தொடுக்கலாம்.

மூன்றாவது, குவிக்புக்ஸையோ ஸீரோவையோ பவர் பிஐ அல்லது லுக்கர் ஸ்டூடியோவோடு இணைப்பது. இதற்குப் பெரும்பாலும் நடுவில் இன்னொரு நிறுவனத்தின் இணைப்பு மென்பொருள் தேவைப்படும். குருநாகல் சகோதரரின் மகன் சொன்ன டொலர்க் கட்டணம் இதற்காக இருக்கலாம். பவர் பிஐயின் டெஸ்க்டொப் மென்பொருள் இலவசம், ஆனால் விண்டோஸ் கணனியில் மட்டும்தான் ஓடும். வரைந்த படத்தைக் கூட்டாளியோடும் மகனோடும் இணையத்தில் பகிர வேண்டுமென்றால் புரோ உரிமம் வாங்க வேண்டும். ஒருவருக்கு மாதம் 10 டொலராக இருந்ததை 2025 ஏப்ரலில் 14 டொலராக்கினார்கள். அந்த உரிமத்தில் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை மட்டுமே கணக்கு தானாகப் புதுப்பிக்கப்படும். எனவே காலையில் பார்க்கிற படம் நேற்றிரவுக் கணக்காக இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

இந்த இணைப்புக்கு ஏபிஐ என்று பெயர். வங்கிக் கவுண்டர் போல நினைத்துக்கொள்ளுங்கள். அனுமதிச் சீட்டுள்ளவர் கேட்டதை ஜன்னல் வழியாகக் கொடுப்பார்கள், உள்ளே விடமாட்டார்கள். சரியான இணைப்பு உங்களைக் கணக்கு மென்பொருளின் சொந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோய் அங்கே அனுமதி கேட்கும். அதை விட்டு, இணைத்துத் தருகிறேன் என்று வந்தவர் உங்கள் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். படிப்பதற்கு மட்டும் அனுமதி, எழுதுவதற்கும் அனுமதி என்று இரண்டு வகை உண்டு. படம் வரைய, படிக்கும் அனுமதி போதும். எந்த மென்பொருளில் அப்படிப் பிரித்துத் தர முடியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் பிள்ளை வேலையை விட்டுப் போன அன்றே அவருடைய அனுமதியையும் அவர் பெயரில் செய்த இணைப்பையும் நீக்குங்கள். எமது கடையில் ஒருவர் விலகி ஐந்து மாதம் வரை எல்லாவற்றையும் அவரால் பார்க்க முடிந்திருக்கிறது. நல்ல மனிதர், பார்க்கவில்லை என்றார்.

இணைத்த பிறகு ஒவ்வொரு மாத முடிவிலும் ஒரு சோதனை. படத்தில் வரும் மாத விற்பனையும் கணக்கு மென்பொருளின் இலாப நட்ட அறிக்கையில் வரும் விற்பனையும் ஒரு ரூபா வித்தியாசம் இல்லாமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால், ரத்துச் செய்த பில்களோ திரும்பி வந்த சரக்கோ படத்தில் விடுபட்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் வரை படத்தைப் பார்த்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

பெருநாள் வியாபாரம் செய்பவர்களுக்கு ஒரு சொல். கருவி தானாகவே "போன வருடம் இதே மாதம்" என்று ஒப்பிட்டுக் காட்டும். நோன்புப் பெருநாள் 2023இல் ஏப்ரல் 22ஆம் திகதி வந்தது. 2025இல் மார்ச் 31ஆம் திகதி. ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. சித்திரைப் புத்தாண்டோ நகர்வதில்லை. ஆகவே இரண்டு சீசனும் சில வருடம் ஒன்றாக விழும், பிறகு பிரிந்துவிடும். ஏப்ரலை ஏப்ரலோடு ஒப்பிட்டுவிட்டு வியாபாரம் விழுந்துவிட்டது என்று நான் ஒரு தடவை கவலைப்பட்டிருக்கிறேன், அது மார்ச்சிலேயே நடந்து முடிந்திருந்தது. இப்போது திகதிப் பட்டியலில் "பெருநாளுக்கு எத்தனை கிழமை" என்று ஒரு நிரல் சேர்த்திருக்கிறோம். ஒப்பிடுவது அதை வைத்துத்தான். மொத்த வியாபாரத்தில் பெருநாளுக்கு ஆறு கிழமை முன்பு போகும் சரக்குத்தான் கணக்கு. சில்லறைக் கடைக்கு அது வேறாக இருக்கும்.

குருநாகல் சகோதரருக்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான். டொலர் கட்டுவதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள்: பெட்டியில் உள்ள செக்குகளை எண்ணி, மென்பொருள் சொல்கிற வங்கி மீதியோடு வைத்துப் பாருங்கள், வாடிக்கையாளர் பட்டியலில் இரட்டைப் பெயர்களைச் சேருங்கள். போன திங்கட்கிழமை மறுபடியும் அழைத்தார். 214 பெயர் இருந்த பட்டியல் 171 ஆகியிருக்கிறது. செக் எண்ணும் வேலை இன்னும் நடக்கிறதாம். இணைப்பை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று மகனே சொல்லிவிட்டாராம்.

அடுத்த வாரம், பில்லில் உள்ள இருப்பும் தட்டில் உள்ள இருப்பும் ஏன் பொருந்துவதில்லை என்று பார்ப்போம்.